பதின்மூன்று எழுத்து

லியோன் நகரக் காவல் அலுவலகம்.
குடியரசின் ஒன்பதாம் ஆண்டு, பனிமாதம்.
எழுத்தர்: ஆன்தெல்ம் ரெவியோன்.
விசாரணைக்குரியது: ஒரு சொல்.

சுவரொட்டியில் வந்திறங்கியது அது,
பசை காயும் முன்பே ஊர் கூடிவிட்டது.
ஃபாண்டாஸ்மகோரி.
எங்கள் மொழியில் பதின்மூன்று எழுத்து.
"அகராதியில் உண்டா?" என்றார் ஆணையர்.
இல்லை.
"சட்டத்தில்?"
அங்கேயும் இல்லை.
"போய்ப் பார். பொருளோடு வா.
பொருள் தெரியாத சொல்லுக்கு
உரிமச் சீட்டு எப்படிக் கொடுப்பது?"

கன்னியர் இல்லாத கன்னியர் மடம்.
பிற்பகலிலேயே போனேன், பேய்கள் விழிக்கும் முன்.
கண்ணாடித் துண்டில் ஓர் எலும்புக்கூட்டுக்குப்
பல் வரைந்துகொண்டிருந்தாள் பெர்னெத் ஷார்வே.
பல்லுக்கான வெள்ளையைவிடக்
கறுப்புதான் அதிகம் செலவாகிறதாம்.
"உருவைச் சுற்றி முழுக்கக் கறுப்படிக்கணும்.
ஊசிமுனை வெளிச்சம் கசிந்தாலும் போச்சு,
பேய் வெறும் படமாகிவிடும்."
குறித்துக்கொண்டேன்:
கறுப்பு, மாதம் நான்கு கிண்ணம்.

விளக்கு வண்டிக்கு நான்கு சக்கரம்,
சத்தம் வராதிருக்கக் கம்பளி சுற்றியவை.
அதை இழுக்கும் பையன்
மூக்கைச் சட்டைக்கையில் துடைத்தபடி சொன்னான்:
"திரையை விட்டு நான் விலகிப் போகப் போக
உரு பெருக்கும் ஐயா.
தங்களை நோக்கி வருகிறதென்று
கூட்டம் அலறும்."
இதையும் குறித்துக்கொண்டேன்.
அடிக்கோடு ஏன் போட்டேன், தெரியவில்லை.

இரவு.
கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை
ஈரவிரல் தடவும் ஓசையில் பல் கூசியது.
மெழுகுவர்த்திகள் அணைந்தன.
வந்தான் மார்பளவு ஓர் ஆள்,
யாருமல்லாத ஆள்
(ரொட்டிக் கடைக்காரனைப் பார்த்து வரைந்தது,
பெர்னெத்தே சொன்னாள்),
வெளிறி, வாய் திறந்து, பெருகிப் பெருகி.

மூன்றாம் வரிசையில்
ஒரு பட்டு நெசவுக்காரி எழுந்தாள்.
"கழுத்துப்பட்டி தப்பு" என்றாள்.
"பெனுவா அன்றைக்கு அதைக் கட்டிக்கொண்டு போகவில்லை.
என்னிடம்தான் இருக்கிறது."
யாரும் சிரிக்கவில்லை.
திரைக்குப் பின்னால் சக்கரம் நின்றது.

பெனுவா.
ஏழாண்டுக்கு முன், முற்றுகை முடிந்த குளிரில்,
சதுக்கத்துக்குப் போகும் பட்டியல்களுக்கு
நகல் எடுத்தவன் நான்.
கையெழுத்து அழகு என்று என்னைப் பொறுக்கினார்கள்.
பெனுவா அதில் பதினொரு பேர்.
எந்தப் பெனுவா என்று
அவளிடம் நான் கேட்கவில்லை.

வாரம் திரும்புவதற்குள் சொல் தெருவில் இறங்கியது.
எதிர்க்கடைத் தராசை அப்படித் திட்டினான் கறிக்கடைக்காரன்.
"இரவெல்லாம் ஒரே ஃபாண்டாஸ்மகோரி"
என்று நாக்கை நீட்டினார்கள் காய்ச்சல்காரர்கள்.
அரசுக் கருவூலத்தை அப்படி அழைத்த வழக்கறிஞரை
எச்சரித்து அனுப்பினோம்.
என் வீட்டில் சூப்புக்கு அந்தப் பெயர்:
இறைச்சி இருப்பது போலவே இருக்கும்.

பொருள் என்ற கட்டத்தில்
'பேய்க்காட்சி' என்று எழுதினேன். அடித்தேன்.
பேய் இல்லையே.
'கண்கட்டு.' அடித்தேன்.
எல்லார் கண்ணும் திறந்தேதான் இருந்தது.
'கனவு' என்பது கொஞ்சநேரம் நின்றது.
ஆனால் கனவில்
பக்கத்து இருக்கைக்காரர் இருமுவதில்லை,
இருமியதற்கு மன்னிப்பும் கேட்பதில்லை.
கடைசியில் பையனின் வாக்கியத்தையே
என் அழகான கையெழுத்தில் வைத்தேன்:
விலகிப் போவது, நெருங்கி வருவதாய்த் தெரிதல்.

ஆணையர் இருமுறை படித்தார்.
"இது குற்றமா?"
"இல்லை ஐயா, ஒளியியல்."
முத்திரை விழுந்தது.
நிபந்தனை: தண்ணீர் வாளி இரண்டு,
பக்கக் கதவு தாழிடலாகாது.

வீடு திரும்பும் வழியில் மடத்தில் நுழைந்து
அந்தக் கழுத்துப்பட்டியை எடுத்துவிடச் சொன்னேன்.
"எடுக்க முடியாது.
மேலே கறுப்படிக்கலாம்" என்றாள் பெர்னெத்,
"கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்."
அரை ஃபிராங்க் கொடுத்தேன்.
கணக்கில் எழுதவில்லை.